32 வயதிலும் முகப்பரு

கேள்வி: வயது 32. தாடையோரம் பரு விடவே இல்லை. அழகு நிலையத்தில் கொடுத்த க்ரீமைப் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் இரண்டு மடங்காக வருகிறது. பணம்தான் கரைகிறது.
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, முதலில் அந்த டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசோல், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு, அடக்குவது போல் காட்டிப் பருவை வளர்ப்பதே அதுதான். பல மாதம் போட்டிருந்தால் விட்டதும் முகம் சிவந்து எரியும், அதனால் டாக்டரிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

பருவுக்கென்றே இருப்பவை பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், அடாபலீன் 0.1 சதவீதம். பழைய மருந்துகள்தான், விலையும் கையைக் கடிக்காது. அடாபலீனை ராத்திரி முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் பூச வேண்டும், பரு மேல் மட்டும் பொட்டு வைக்கிற மாதிரி வைத்தால் போதாது. முதல் சில வாரம் தோல் உரியும், பயந்து விட்டுவிடாதீர்கள், பலன் தெரியவே 8 முதல் 12 வாரம் ஆகும். குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் அடாபலீன் வேண்டாம். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும், தலையணைக்கு வெள்ளை உறையே போடுங்கள்.

அப்புறம், மாதவிலக்கு தள்ளிப்போகிறதா? அப்படியானால் பிசிஓஎஸ், அதாவது மாதவிலக்கைத் தள்ளிப்போட்டு முகத்தில் பருவையும் கிளப்பும் ஹார்மோன் கோளாறு, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் தோல் பிரிவு உங்களுக்குப் பஸ் ஏறினால் பக்கம்தானே, டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.