ஸ்மார்ட் போர்டைப் பார்த்துவிட்டு வந்த மகள்

அம்மா, உங்கள் மகள் பாப்பாவின் வேலை விஷயமாக என்னிடம் யோசனை கேட்டு நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். பின்னால் ஆட்டுக்குட்டி கத்துகிறது, நடுவில் நீங்கள் தொண்டை அடைத்து நிறுத்துகிறீர்கள். விஷயம் இதுதானே: பி.எட். முதல் வருடம் படிக்கும் பாப்பாவைக் கல்லூரியில் கோயம்புத்தூர்ப் பள்ளிகளைப் பார்க்க அழைத்துப் போனார்கள். திரும்பி வந்ததிலிருந்து, "இனி இங்கே கேரளாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்த ஸ்கூலிலும் வேலைக்குச் சேர மாட்டேன், கோயம்புத்தூரில் சி.பி.எஸ்.இ. ஸ்கூல்தான்" என்று நிற்கிறாள். அவள் அப்பாவோ, "பெண் பிள்ளை எல்லை தாண்டிப் போய்த் தனியாக ரூம் எடுத்துத் தங்க வேண்டாம்" என்கிறார். நடுவில் நீங்கள்.

நேற்று பாப்பாவிடம் அரை மணி நேரம் பேசினேன். என்னென்ன பார்த்தாய் கண்ணு என்றதும் மடமடவென்று சொன்னாள். ஏசி போட்ட வகுப்பு, ஸ்மார்ட் போர்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பேசும் இங்கிலீஷ், நீச்சல் குளம். "சரி, அந்த வகுப்பில் கணக்கு எடுத்த டீச்சர் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்டேன். சத்தமே இல்லை.

அவளைக் குறை சொல்லவில்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டில் பஜ்ஜியும் சொஜ்ஜியும் இருக்கத்தான் செய்யும். பயிற்சி மாணவிகள் வருகிறார்கள் என்று தெரிந்தால் எந்தப் பள்ளியும் நல்ல வகுப்பாகப் பார்த்துத்தான் காட்டும். இங்கே பாலக்காட்டுச் சித்தூரில் நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் நாங்களும் அதைத்தான் செய்தோம். அதனால் அந்த ஒரு நாளைத் தூக்கிப் போடவும் வேண்டாம், அதை வைத்தே முடிவு கட்டவும் வேண்டாம். ஞாபகத்தைக் கொஞ்சம் கிளறினால் போதும்.

கிளறியதும் வந்தது. அந்த டீச்சர் மேசைமேல் சின்ன ஃபிளாஸ்க் வைத்திருந்தாராம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மடக்கு வெந்நீர். தொண்டை கட்டிப்போய் மூன்று நாளாம். ஃப்ரீ பீரியடில் வேறொரு வகுப்புக்கு சப்ஸ்டிடியூஷன் போட்டுவிட்டார்கள். மாலையில் ஸ்கூட்டியின் முன்பக்கம் திருத்த வேண்டிய நோட்டு மூட்டை. "நீ பார்த்ததிலேயே உன் வேலையைப் பற்றியது இந்த மூன்றும்தான்" என்றேன். சிரித்தாள். ஆனால் கேட்டுக்கொண்டாள்.

ஸ்மார்ட் போர்டு பற்றியும் ஒரு வார்த்தை. 2018-இல் கேரள அரசு 8 முதல் 12 வரையிலான 45,000 வகுப்பறைகளை லேப்டாப், புரொஜெக்டரோடு ஹைடெக் ஆக்கும் வேலையைத் தொடங்கியது. நம் தாலுகாவின் அரசு உயர்நிலைப் பள்ளிகளிலும் அது வந்தது. கோயம்புத்தூரில் பார்த்தால் பிரமிப்பு, பக்கத்துத் தெருவில் இருந்தால் கண்ணில் படாது. மனிதர்கள் அப்படித்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அதே பயணத்தில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கும் போயிருக்கிறார்கள். அதைப் பற்றி உங்களிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆறாம் வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் பீகார், ஒடிசாப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள். கணக்கு டீச்சர் ஒரு அட்டையில் தமிழ் எழுத்திலேயே இந்தி வார்த்தைகளை எழுதித் தொங்கவிட்டிருந்தாராம்: ஜோட், கடாவ், குணா, பாக். பக்கத்திலேயே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். ஒரு பையன் பெருக்கல் கணக்கில் முழித்துக்கொண்டு நிற்க, டீச்சர் அட்டையைத் தொட்டு "குணா" என்றிருக்கிறார். பையன் உடனே போட்டுவிட்டான்.

"எனக்கு அது புரிஞ்சுது சார், மலையாளத்தில் குணிக்குக என்றுதானே சொல்லுவோம்" என்றாள் பாப்பா.

அம்மா, இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதமே. தமிழ் மீடியத்தில் பெருக்கல் படித்து, பக்கத்து வீட்டில் 'குணிக்குக' கேட்டு, பஸ்ஸில் இரண்டையும் கலந்து பேசி வளர்ந்த பெண் அவள். ஒரு மொழியில் வாழ்ந்து இன்னொன்றில் பாடம் படிக்கிற பிள்ளைக்கு எங்கே தடுக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நகரப் பள்ளிகளுக்கு இன்றைக்கு அந்த மாதிரி ஆள்தான் தேவை. கேரளத்திலும் எர்ணாகுளம் மாவட்டத்தில் வெளி மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகவே 'ரோஷ்ணி' என்ற திட்டம் நடந்தது. பட்டிக்காட்டிலிருந்து வந்தவள் என்று அவள் கூச்சப்படுகிற அதே விஷயத்தைத்தான் அந்த டீச்சர் அட்டை எழுதிக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார். டவுனா கிராமமா என்ற சண்டையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். எந்த மாதிரி வகுப்பில் நிற்க ஆசை என்று மட்டும் அவளிடம் கேளுங்கள்.

சரி, வேலைக் கணக்குக்கு வருவோம். அவள் பி.எஸ்சி. கணிதம், அதன் மேல் பி.எட். கேரளத்தில் உயர்நிலை வகுப்புகளுக்கு கே-டெட் என்ற கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் மூன்றாம் பிரிவு எழுத வேண்டும். மொழிப் பகுதிக்குத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாட்டில் அதே மாதிரி தகுதித் தேர்வான டெட்டின் இரண்டாம் தாள். இரண்டுமே 150 மதிப்பெண், பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. பாடமும் உளவியலும் பெரும்பாலும் ஒன்றுதான், ஒரே படிப்பில் இரண்டையும் எழுதலாம். சி.பி.எஸ்.இ. ஆசை விடவில்லை என்றால் மத்தியத் தகுதித் தேர்வான சி-டெட்டும் எழுதட்டும், அதிலும் தமிழை ஒரு மொழியாக எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைப் பார்த்து மயங்கி, அங்கேதான் போவேன் என்று நாளைக்குச் சொன்னால் பி.எட். போதாது. தொடக்க வகுப்புகளுக்கு அது தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்கு டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்வி டிப்ளமோ வேண்டும்.

கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) தமிழ் மீடியம் ஆசிரியர் பணியிடங்களைத் தனியாக அறிவிக்கிறது. இடங்கள் சொற்பம், அறிவிப்பும் அடிக்கடி வராது. ஆனால் தமிழ் மீடியத்தில் படித்து, பாடமும் கையில் இருக்கிறவர்களும் சொற்பம்தான். பாப்பா படிப்பது தமிழ்நாட்டு பி.எட். என்பதால் கேரளத்தில் அது இங்கத்திய பி.எட்.டுக்குச் சமம் என்ற சான்று கேட்கக்கூடும், அந்த அலைச்சலைக் கடைசி வருடத்திலேயே தொடங்கிவிடுங்கள். இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டு அரசு வேலையில் இட ஒதுக்கீட்டுக்கு உதவாது, அங்கே பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். எல்லைக்கு அந்தப்பக்கம் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் இருந்தும் நமக்கு இந்த நிலைமை.

பாப்பாவின் அப்பாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: இப்போது யாரும் ரூம் எடுக்க வேண்டாம். இரண்டு வருட பி.எட்.டில் மொத்தம் 20 வாரம் பள்ளியில் பயிற்சி, அதில் 16 வாரம் இரண்டாம் வருடத்தில். உண்மையாகப் பள்ளியைப் பார்ப்பது அப்போதுதான். கல்லூரி தானாக ஒதுக்குவதற்கு முன்பே, அந்த மாநகராட்சிப் பள்ளியைப் போல ஒன்று கிடைக்குமா என்று அவள் கேட்கட்டும். எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் வழியாக இப்போது கல்லூரிக்குப் போய் வருவது போலவே போய் வரட்டும். பாடம் எடுப்பதோடு நிற்காமல், மூன்றரை மணிக்கு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டீச்சர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். லீவு எப்படிக் கிடைக்கிறது, மே மாதச் சம்பளம் உண்டா, அட்மிஷனுக்கு வீடு வீடாக அனுப்புகிறார்களா, எல்லாம் அங்கே வந்துவிடும். எந்தப் பிரின்சிபாலும் வரவேற்புரையில் இதைச் சொல்ல மாட்டார்.

என் கதை ஒன்று. படிப்பு முடித்த புதிதில் கோயம்புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். சேர்ந்த அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பிறகு ஊர்ப்பக்கம் ஒரு நேர்காணலுக்குக் கேட்டால், வருடம் முடியட்டும் என்றார்கள். கெஞ்சி வாங்குவதற்குள் நேர்காணல் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. எங்கே சேர்ந்தாலும் நகல் மட்டும்தான், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆர்டரில் எழுதிய சம்பளமும் பேங்கில் விழுகிற சம்பளமும் ஒன்றா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்பதை ஏற்கெனவே அங்கே இருக்கிற ஒரு டீச்சரிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து.

சனிக்கிழமை மூன்று பேரும் வாருங்கள், அப்பாவையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். பாப்பாவுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன்: ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கு ஒன்றை, ஒரு வார்த்தை தமிழும் தெரியாத பையனுக்கு எப்படிச் சொல்வாய் என்று யோசித்து வரச் சொன்னேன். கொய்யாப்பழத்தை அறுத்துக் காட்டலாமா என்று ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள். பழத்தையும் கத்தியையும் நீங்களே கொண்டு வந்துவிடுங்கள், என் ஆபீசில் கத்தி இல்லை.