மிலிட்டரில இருந்தவங்களுக்கு ஏஎல்எஸ் அதிகமா வருதுன்றது உண்மையா?

கேள்வியில ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. மிலிட்டரில இருந்தவங்களுக்கு ஏஎல்எஸ்ன்ற நரம்பு நோய் மத்தவங்களை விட அதிகமா வருதான்னா, அமெரிக்கக் கணக்குப்படி ஆமா, கொஞ்சம் அதிகம்தான். மிலிட்டரி வேலைதான் அதை வரவழைக்குதான்னா, அதை இன்னும் யாரும் நிரூபிக்கல. முதல் பதிலை வச்சே ரெண்டாவதுக்கும் ஆமா போட்டு வீடியோ விடறவங்க நெறைய பேர் இருக்காங்க, அதான் எழுதறேன்.

நான் டாக்டர் கிடையாது. டெக்சாஸ்ல ஐடி வேலை. என் டீம்ல இருந்த ஒருத்தர் 1991 வளைகுடாப் போருக்குப் போய்ட்டு வந்தவர், அவருக்கு ஏஎல்எஸ்னு தெரிஞ்சதும் ஃபார்ம் நிரப்பறதுக்கு நானும் கூட உக்காந்தேன், அந்த சாக்குல தேடித் தேடிப் படிச்சதுதான் இதெல்லாம்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: மூளைலயும் தண்டுவடத்துலயும் இருந்து தசைகளை ஆட்டி வைக்கிற நரம்பு செல்கள் செத்துக்கிட்டே வர்ற நோய் இது, கை கால், பேச்சு, முழுங்கறது, கடைசில மூச்சுன்னு ஒவ்வொண்ணா போயிடும், பெரும்பாலானவங்களுக்கு 2ல இருந்து 5 வருஷம். ஸ்டீஃபன் ஹாக்கிங் மாதிரி அம்பது வருஷத்துக்கு மேல இருந்தது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

சந்தேகம் கிளம்பினதே வளைகுடாப் போருக்கு அப்புறம்தான். சாதாரணமா 55, 60 வயசுக்கு மேல வர்ற நோய், போன பசங்க சிலருக்கு 30, 40லயே வருதுன்னு பேச்சு வந்துச்சு. 2003ல ஒரு பெரிய ஆய்வு வெளியாச்சு. அந்த சமயம் அமெரிக்க ராணுவத்துல இருந்த சுமார் 25 லட்சம் பேரை எடுத்துக்கிட்டு தேடினதுல 107 பேருக்கு ஏஎல்எஸ் உறுதியாச்சு. அதுல 40 பேர் போர்முனைக்கு அனுப்பப்பட்ட 7 லட்சம் பேர்ல இருந்து. வயசு வித்தியாசத்தையெல்லாம் கழிச்சுப் பார்த்தா போனவங்களுக்குப் போகாதவங்களை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. உடனே சண்டை ஆரம்பிச்சிடுச்சு, போய்ட்டு வந்தவங்கதான் பயந்து போய் அதிகமா டெஸ்ட் எடுத்துக்கிறாங்க, அதனால எண்ணிக்கை ஏறித் தெரியுதுன்னு ஒரு தரப்பு. அதே ஆராய்ச்சிக்காரங்க 2008ல திரும்பப் பார்த்தப்போ, அந்த அதிகம் 1996 வாக்குல உச்சத்துக்குப் போய்ட்டு அப்புறம் இறங்கிடுச்சுன்னு சொன்னாங்க. பாலைவனத்துல ஏதோ ஒண்ணு பட்டிருக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு இது ஒரு பிடி.

ஆனா 2005ல ஹார்வர்டு ஆய்வு வந்ததும் கதை வேற பக்கம் திரும்பிடுச்சு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி கேன்சருக்காக வேற ஒரு ஆய்வு நடத்திட்டு இருந்தாங்க, அதுல இருந்த 4 லட்சத்துக்கும் மேல ஆண்களை 1989ல இருந்து 1998 வரைக்கும் பார்த்ததுல, மிலிட்டரில இருந்தவங்க ஏஎல்எஸ்ல சாகற வாய்ப்பு ஒண்ணரை மடங்கு. இவங்க வளைகுடா ஆளுங்களே இல்ல, ரெண்டாம் உலகப்போர், கொரியா, வியட்நாம் காலத்து ஆளுங்க. அப்போ குவைத் எண்ணெய்க் கிணறு புகை, ஈராக்ல கமிஸியான்ற இடத்துல சாரின்ன்ற நரம்பு வாயு குண்டு கிடங்கை வெடிக்க வச்சது, நரம்பு வாயுவுக்கு முன்னெச்சரிக்கையா குடுத்த மாத்திரைன்னு எல்லாப் பழியையும் ஒரே போர் மேல போட முடியாது. டென்மார்க்லயும் பார்த்தாங்க, அங்கயும் சுமார் 30 சதவீதம் அதிகம்.

சந்தேக லிஸ்ட் நீளம். துப்பாக்கிப் பயிற்சில வர்ற ஈயம், பூச்சிமருந்து, தலையில அடி, சிகரெட், அளவுக்கு மீறின உடல் உழைப்பு. எதுவும் இன்னும் கையும் களவுமா மாட்டல.

எனக்கு யோசிக்க வச்ச விஷயம் வேற. ராணுவத்துல எடுக்கும்போதே நல்ல திடகாத்திரமான ஆளாப் பாத்துத்தான் எடுக்கறாங்க, அப்போ எந்த நோயும் ஊர் சராசரியை விடக் குறைவாத்தான் வரணும், இது மட்டும் கூடுது. இத்தாலி ஃபுட்பால் ஆட்டக்காரங்க, ஸ்காட்லாந்து ரக்பி ஆட்டக்காரங்களுக்கும் கூடுதலா வருதுன்னு ஆய்வு இருக்கு. ஒல்லியா, துறுதுறுன்னு, உடம்பை முறுக்கி வேலை செய்யற உடல்வாகே இந்த நோய்க்கும் பட்டாளத்துக்கும் பொதுவா இருந்தா? அப்போ மிலிட்டரி காரணமே இல்ல, ஒரே மாதிரி ஆளுங்க ரெண்டு இடத்துலயும் சேர்றாங்க, அவ்வளவுதான். இதுவும் ஊகம்தான், ஆனா வீடியோக்காரங்க யாரும் இதைச் சொல்றதில்ல.

இன்னொண்ணு, "ஒண்ணரை மடங்கு"ன்னு கேட்டு மிரள வேண்டாம். பொதுவா வருஷத்துக்கு லட்சம் பேர்ல ரெண்டு பேருக்கு வர்ற நோய், அது மூணாகும். மகனை மிலிட்டரிக்கு அனுப்பலாமான்னு யோசிக்கிற வீட்டுல கவலைப்பட வேற நூறு காரணம் இருக்கு, இது அந்த லிஸ்ட்லயே வராது.

அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்றது இதை விட சுவாரஸ்யம். 2001 கடைசிலயே வளைகுடா போனவங்களுக்கு மட்டும் சலுகை குடுத்தாங்க, ஆனா அதே நோய் வந்த வியட்நாம் ஆளுக்கு ஒண்ணுமில்ல. டாம் மிகோலாசிக்னு ஒரு விமானப்படை பிரிகேடியர் ஜெனரல், ரிட்டையர் ஆனப்புறம் 2003ல ஏஎல்எஸ் வந்தவர், 2007ல அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி முன்னாடி போய் எல்லாருக்கும் குடுங்கன்னு பேசினார். 2006ல வந்த நிபுணர் குழு அறிக்கை "ஓரளவு ஆதாரம் இருக்கு, போதுமானதா இல்ல"ன்ற ரேஞ்சுலதான் இருந்துச்சு. இருந்தும் 2008 செப்டம்பர்ல, தொடர்ச்சியா 90 நாள் சர்வீஸ்ல இருந்த யாருக்கு எப்போ ஏஎல்எஸ் வந்தாலும் அது சர்வீஸால வந்ததாவே எடுத்துக்குவோம்னு விதி போட்டாங்க. மிகோலாசிக் 2010ல இறந்துட்டார். என்னைக் கேட்டா சரியான முடிவு, காரணம் கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்திருக்க இந்த நோயாளிங்களுக்கு நேரம் கிடையாது.

இந்த விதி அமெரிக்காவுக்கு மட்டும், நம்ம ஊர் எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு செல்லாது. அமெரிக்கால யாருக்காவது தெரிஞ்சவங்க இருந்தா உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்க, டிடி 214 டிஸ்சார்ஜ் பேப்பரும் நியூராலஜிஸ்ட் ரிப்போர்ட்டும் வேணும், 2012ல இருந்து இதுக்கு நேரா முழு ஊனம்னு 100 சதவீத ரேட்டிங், வீல்சேர், வீட்டை மாத்திக்கட்டறதுக்குப் பணம் எல்லாம் உண்டு. அவர் விண்ணப்பிக்காமயே இறந்திருந்தாலும் மனைவி தனக்கான மாச உதவித்தொகையைக் கேக்கலாம், டெத் சர்ட்டிஃபிகேட்ல வெறும் நிமோனியான்னு மட்டும் போட்டுடாம ஏஎல்எஸ்ஸையும் எழுதச் சொல்லுங்க.