டிகிண்டரில் எழுதிய பில்லிங் மென்பொருள் பட்டனை அழுத்தினால் உறைந்துபோய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்கிறது. என்ன செய்வது?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: பைத்தானில் டிகிண்டர் (விண்டோ, பட்டன் எல்லாம் உருவாக்கித் தரும் அதன் லைப்ரரி) வைத்து ஒரு பில்லிங் மென்பொருள் எழுதியிருக்கிறீர்கள், வீட்டில் நன்றாக ஓடுகிறது, கடையில் 'சேமி' பட்டனை அழுத்தினால் விண்டோ வெளுத்துப்போய் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருகிறது. மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். கடை மாமாவுடையதாக இருக்கும், இல்லை மாமாவுக்குத் தெரிந்தவருடையதாக இருக்கும். காசு இன்னும் கைக்கு வந்திருக்காது. யூடியூபில் யாரோ ஒருவர் 'லூப்புக்குள் ஒரு அப்டேட் வரியைப் போடுங்கள், சரியாகிவிடும்' என்று சொல்லியிருப்பார்.

அந்த வரியை மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டுப் பட்டவன் நான். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

முதலில் ஏன் உறைகிறது என்று பார்த்துவிடலாம். உங்கள் விண்டோவுக்கு வேலை பார்ப்பது ஒரே ஒரு ஆள், மெயின் த்ரெட். மவுஸ் கிளிக், கீபோர்டு, திரையைத் திரும்ப வரைவது எல்லாம் அவனுக்கு வரும் சீட்டுகள். வரிசையில் இருந்து ஒரு சீட்டை எடுப்பான், முடிப்பான், அடுத்ததை எடுப்பான். மெயின்லூப் என்பது அவ்வளவுதான். உங்கள் 'சேமி' ஃபங்ஷன் 10 விநாடி எடுத்துக்கொண்டால், கல்லாவில் இருக்கிற ஒரே ஆள் எழுந்து குடோனுக்குப் போய் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிற கதைதான். வாசலில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. விண்டோஸ் 5 விநாடி வரை பொறுக்கும். அதற்குள் அந்த விண்டோ எந்தச் சீட்டையும் எடுக்கவில்லை என்றால் அதன் மேல் ஒரு வெளுத்த நகலை ஒட்டி, தலைப்பில் அந்த வாசகத்தையும் எழுதிவிடும். நீங்கள் பார்ப்பது அந்த நகலைத்தான். உள்ளே உங்கள் வேலை அநேகமாக நடந்துகொண்டுதான் இருக்கும். கடைக்காரர் பதறிப்போய் அதை மூடினால்தான் உண்மையில் பாதியில் சாகும்.

இனி என் கதை. 2018 தீபாவளிக்கு முந்தைய வாரம், கோவில்பட்டியில் ஒரு மொத்த மளிகைக் கடை. சுற்றுவட்டார கிராமத்துக் கடைக்காரர்கள் வந்து சரக்கு எடுப்பார்கள், ஒரு பில்லில் 40 ஐட்டம் சர்வ சாதாரணம். பில் போடும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது, டேட்டாபேஸ் இருந்த கம்ப்யூட்டர் பின்னால் குடோனை ஒட்டிய அறையில். நடுவே வைஃபை, நடுவே இரண்டு சுவர், ஆள் உயரத்துக்கு அடுக்கிய அரிசி மூட்டை. நான் வீட்டில் எழுதும்போது இரண்டுமே என் லேப்டாப்பில் இருந்ததால் எஃப்8 (என் மென்பொருளில் 'சேமி'க்கான கீ) அழுத்தினால் கண் இமைப்பதற்குள் சேமித்துவிடும். கடையில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஸ்டாக்கைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக கமிட் செய்து (டேட்டாபேஸில் நிரந்தரமாகப் பதிந்து), ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவர்களைத் தாண்டிப் போய்வந்தது. ஐட்டத்துக்குக் கால் விநாடி என்றால் 40-க்குப் பத்து விநாடி. விண்டோ வெளுத்தது. அண்ணாச்சி போன் செய்தார்: "தம்பி, பொட்டி மூச்சுப்பேச்சு இல்லாம நிக்கி. ஆளு நிறைஞ்சு கெடக்கு, சீக்கிரம் வாங்க."

போனேன். தேடினேன். லூப்புக்குள் ஒரு அப்டேட் வரியைப் போட்டேன். விண்டோ வெளுக்கவில்லை. அண்ணாச்சி டீ வாங்கித் தந்தார். நானும் பெரிய ஆள் மாதிரி குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் சீனி கணக்கு உதைத்தது. குடோனில் 34 மூட்டை இருக்கிறது, கம்ப்யூட்டர் 28 என்கிறது. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால், ஒரே ஆளுக்கு, ஒரே நிமிடத்தில், மூன்று பில். 2417-இல் 14 ஐட்டம், 2418-இல் 6 ஐட்டம், 2419-இல் முழுசாக 40. பிரிண்ட் ஆனது கடைசி பில் மட்டும்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றிலும் முதல் ஐட்டம் சீனி, 3 மூட்டை.

நடந்தது இதுதான். அப்டேட் என்றால் 'வரிசையில் நிற்கிற சீட்டு எல்லாவற்றையும் இப்போதே கவனி' என்று அர்த்தம். திரையை வரைகிற சீட்டு மட்டுமல்ல, எஃப்8 சீட்டும் அதில் அடக்கம். பில் போடும் அக்கா எஃப்8 அழுத்தினார், 2417 தொடங்கியது. 14 ஐட்டம் முடிந்த நேரத்தில் அவர் இன்னொரு தடவை அழுத்தினார். அப்டேட் அதை எடுத்தது, முதல் பில் பாதியில் நிற்க அதன் வயிற்றுக்குள்ளேயே 2418 தொடங்கியது. அது 6 ஐட்டம் போனதும் மூன்றாவது அழுத்தல், அதற்குள்ளே 2419. அது மட்டும் முழுசாக முடிந்து, பிரிண்ட் எடுத்து, திரையில் இருந்த பட்டியலைத் துடைத்துவிட்டு வெளியே வந்தது. மற்ற இரண்டும் மிச்சத்தைத் தொடரப் பார்த்தால் பட்டியலில் ஒன்றுமே இல்லை, எரர் ஆகி நின்றுவிட்டன. ஒவ்வொரு ஐட்டமும் தனித்தனி கமிட் என்பதால் அதுவரை குறைத்த ஸ்டாக் குறைத்ததுதான். பழைய உறைகிற மென்பொருளில்கூட இந்த வினை இல்லை. அதில் கூடுதல் அழுத்தல்கள் வரிசையில் காத்திருந்து கடைசியில் வரும். அப்போது பட்டியல் காலி, 'பில் காலியாக இருக்கிறது' என்பதோடு போய்விடும்.

அந்த எரராவது கண்ணில் பட்டிருக்க வேண்டாமா என்றால், அங்கேதான் இரண்டாவது குழி. டிகிண்டரில் ஒரு பட்டனின் ஃபங்ஷனுக்குள் எரர் வந்தால் மென்பொருள் நிற்காது. எரரைக் கன்சோலில் எழுதிவிட்டு அது பாட்டுக்கு ஓடும். நான் கறுப்பு விண்டோ தெரிந்தால் அசிங்கமாக இருக்கிறது என்று பைத்தான்டபிள்யூ மூலம் ஓடவிட்டிருந்தேன். அதில் கன்சோலே கிடையாது. எரர் காற்றில் போனது. 'பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை' என்று கேட்கப்படும் கேள்விகளில் பாதி இந்த ரகம்தான் என்பது என் அனுபவம். ரூட் விண்டோவுக்கு ரிப்போர்ட்_கால்பேக்_எக்ஸெப்ஷன் என்று ஒரு மெத்தட் உண்டு. அதை உங்கள் சொந்த ஃபங்ஷனால் மாற்றி, வருகிற எரரை நேரத்தோடு ஒரு ஃபைலில் எழுதச் சொல்லுங்கள், கூடவே ஒரு எரர் பெட்டியையும் காட்டச் சொல்லுங்கள். ஐந்து வரி வேலை. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை இன்றைக்கே செய்யுங்கள்.

நான் போய் முதலில் செய்தது என்ன தெரியுமா? பில் போடும் அக்காவைச் சத்தம் போட்டேன். ஏன் மூன்று தடவை அழுத்தினீர்கள் என்று. அவர் அமைதியாகச் சொன்னார்: "ஒரு தடவை அமுக்குனேன், ஒண்ணும் அசையல. அசையலைன்னா திரும்ப அமுக்கத்தானே தம்பி செய்வாங்க?" அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. விண்டோ வெளுக்காமல் பார்த்துக்கொண்டேனே தவிர, வேலை நடக்கிறது என்று அவருக்குக் காட்ட ஒரு எழுத்துகூடத் திரையில் வைக்கவில்லை.

பிறகு சரிசெய்த விதம். முதல் மாற்றம் திரையிலேயே இல்லை: 40 கமிட்டை ஒரே டிரான்ஸாக்‌ஷனாக்கி, கடைசியில் ஒரு கமிட். ஸ்டாக் குறைப்பதையும் ஒவ்வொன்றாக அனுப்பாமல் மொத்தமாக அனுப்பினேன். பத்து விநாடி ஒரு விநாடிக்குள் வந்தது. பாதியில் நின்றாலும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். பலர் த்ரெட் த்ரெட் என்று பறப்பார்கள், முதலில் வேலையே ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க மாட்டார்கள்.

அப்படியும் நேரம் ஆகிற வேலைக்குத்தான் தனி த்ரெட், அதாவது மெயின் த்ரெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வேலையாள். அதிலும் நான் ஒரு தடவை விழுந்தேன். தனி த்ரெட்டில் இருந்து நேராக லேபிளில் 'சேமித்தாயிற்று' என்று எழுதினேன். நாலு நாள் ஓடும், ஐந்தாம் நாள் காரணமில்லாமல் சாகும். விதி இதுதான்: விண்டோவில் உள்ள எதையும் மெயின் த்ரெட் மட்டுமே தொடலாம், படிக்கக்கூட. அதனால் எஃப்8 அழுத்தியதும் பட்டியலில் உள்ளதை ஒரு சாதாரண லிஸ்டாக எடுத்துக்கொண்டு, 'சேமிக்கிறது...' என்று காட்டி, பட்டனை முடக்கிவிட்டு, அந்த லிஸ்டை மட்டும் த்ரெட்டிடம் கொடுங்கள். அது டேட்டாபேஸ் வேலையை முடித்து விடையை ஒரு கியூவில் (த்ரெட்டுகளுக்கு நடுவே பொதுவாக இருக்கும் வரிசை) போடும். மெயின் த்ரெட் ஆஃப்டர் (இவ்வளவு நேரம் கழித்து இதை ஓட்டு என்று சொல்லும் டிகிண்டர் மெத்தட்) மூலம் 100 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை கியூவை எட்டிப்பார்த்து, விடை வந்திருந்தால் பட்டியலைத் துடைத்துப் பட்டனைத் திறந்துவிடும். டேட்டாபேஸ் எஸ்க்யூலைட் என்றால் கனெக்‌ஷனையும் அந்த த்ரெட்டுக்குள்ளேயே திறங்கள், இல்லாவிட்டால் வேறு த்ரெட்டில் உருவானது என்று திட்டும். இன்னொன்று, பட்டனை முடக்கினால் எஃப்8 முடங்காது! கீயை விண்டோவோடு தனியாகக் கட்டியிருப்பீர்கள். 'சேமிப்பு நடக்கிறது' என்று ஒரு வேரியபிள் வைத்து, ஃபங்ஷனின் முதல் வரியிலேயே பார்த்துத் திருப்பி அனுப்புங்கள்.

இப்போது கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். 'அப்டேட்_ஐடில்டாஸ்க்ஸ் போட்டால் போதுமே' என்பார் ஒருவர். அது கீபோர்டு, மவுஸ் சீட்டுகளை எடுக்காது, வரைகிற வேலையை மட்டும் முடிக்கும், உண்மைதான். 'காத்திருக்கவும்' என்று காட்ட நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது உறைவதைத் தடுக்காது. இன்னொருவர் 'டிகிண்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு க்யூட்டிக்கு மாறு' என்பார், அதுவும் விண்டோ உருவாக்கும் இன்னொரு லைப்ரரி. ஐயா, க்யூட்டியிலும் அப்டேட் மாதிரியே பிராசஸ்ஈவென்ட்ஸ் இருக்கிறது, விஷுவல் பேசிக்கில் டூஈவென்ட்ஸ் இருந்தது, இதே குழிதான். ஜாவாவின் விண்டோ லைப்ரரியான ஸ்விங்கில், நீண்ட வேலையைத் தனி த்ரெட்டில் ஓட்ட இதற்காகவே ஸ்விங்வொர்க்கர் என்று ஒன்றை ஜாவா 6-இல் சேர்த்தார்கள். க்யூட்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. லினக்ஸில் தமிழ் எழுத்தைக் காட்டுவதற்கு அதுதான் மேல். என் லினக்ஸ் பெட்டியில் டிகிண்டர் 'கொ' என்பதைக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறடித்தது. கேட்டவர் டிகிண்டரில் கேட்டிருக்கிறார், அதற்குப் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்து உங்களுக்கு வரப்போகிறவற்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டனில் கமாண்ட் கொடுக்கும்போது ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால், மென்பொருள் திறந்த உடனே அது ஓடிவிடும், பிறகு அழுத்தினால் ஓடாது. ஒரு ஓட்டலுக்கு 12 டேபிளுக்கு 12 பட்டனை லூப்பில் உருவாக்கினேன். எதை அழுத்தினாலும் 12-ஆம் டேபிள்தான் திறந்தது. பட்டனுக்குக் கொடுத்த லாம்ப்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) அந்த எண்ணை அழுத்தும்போதுதான் தேடும், அப்போது லூப் முடிந்து 12-இல் நிற்கும். லாம்ப்டாவிலேயே 'எண்=எண்' என்று பிடித்துவைத்தால் தீர்ந்தது. கடை லோகோ வரவேண்டிய இடம் காலியாக இருந்தால், படத்தை ஃபங்ஷனுக்குள் உள்ள வேரியபிளில் வைத்திருப்பீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதைக் குப்பை என்று அள்ளிவிடும். கிளாஸின் செல்ஃபில் வைத்துக்கொள்ளுங்கள், விண்டோ இருக்கும்வரை இருக்கும். பட்டன், லேபிள்களை இடம்பார்த்து வைக்கும் இரண்டு முறைகளான பேக்கையும் கிரிட்டையும் ஒரே ஃப்ரேமுக்குள் கலக்காதீர்கள்.

இவ்வளவும் செய்துகொடுத்தேனே, வருடப் பராமரிப்புக் காசு என்று அண்ணாச்சி தந்தது என்ன தெரியுமா? ஒரு பெட்டி கடலை மிட்டாயும் ஒரு தினசரி காலண்டரும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நான்கு வருடம் நான்கு காலண்டர்! ஏசிக்காரர் வந்து கழுவிவிட்டுப் போனால் அன்றைக்கே கையில் பணம். மென்பொருள் எழுதுகிறவன் வந்தால் "உக்காருங்க தம்பி, டீ சாப்பிடுங்க". ராத்திரி பதினொரு மணிக்கு பிரிண்டரில் பேப்பர் தீர்ந்ததற்குக்கூட எனக்குத்தான் போன். மாமா கடை என்று கூச்சப்படாமல் காசைப் பேசிவிடுங்கள்.

சரி, உங்கள் விஷயம். 'சேமி' ஃபங்ஷனில் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னும் பின்னும் நேரத்தை ஒரு ஃபைலில் எழுதவிடுங்கள், கடையில் வைத்தே, கூட்டம் இருக்கும்போது. எந்த வரி நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்ததும் அந்த வரியையும் எரர் ஃபைலையும் கமெண்டில் போடுங்கள், பார்க்கிறேன். மொபைலில் திரையைப் படம் பிடித்துச் சாய்வாகப் போடாதீர்கள், காப்பி செய்து ஒட்டுங்கள்.