மூன்று நாளா, மூன்று மாதமா, மூன்று வருடமா? – முதுமை மறதி: கேள்வி பதில்

மறதி குறித்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு முதியோர் மருத்துவம், நரம்பியல் பார்க்கும் எங்கள் குழு இங்கே பதில் தருகிறது. என்னென்ன மறக்கிறார் என்பதைப் பலரும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எப்போது தொடங்கியது என்பதைத்தான் காணோம். எங்களுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

அப்பாவுக்கு 76 வயது. போன வாரம் வரை பேப்பர் படித்து, ரேஷன் கடைக்குப் போய் வந்தவர். மூன்று நாளாக நடுராத்திரியில் எழுந்து “பஸ் வந்துடுச்சு” என்கிறார். பகலில் தூங்கி வழிகிறார். டிமென்ஷியா ஆரம்பமா? – வாசகர், கும்பகோணம்

இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அல்சைமர் போன்ற மறதி நோய் மூன்று நாளில் வராது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் புத்தி தடுமாறினால் அதை டெலிரியம் என்போம். பெரும்பாலும் உடம்பில் வேறெங்கோ கோளாறு இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, தண்ணீர் குடிக்காதது, நாலைந்து நாள் மலம் போகாதது, புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொள்வது, புதிதாகச் சேர்த்த மாத்திரை. இந்த வயதில் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். “ஜுரம் இல்லையே” என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் கிளம்பும் முன் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, அவரால் ஒழுங்காக விழுங்க முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்காகக் கிளம்புவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ரத்தத்தில் சோடியத்தை, அதாவது உப்புச் சத்தை, கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது 120-களுக்கு இறங்கினால் பேச்சு குழறும், வலிப்பும் வரலாம். ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த பிரஷர் மாத்திரை இதற்கு ஒரு முக்கியக் காரணம். விஷயம் தெரிந்ததும் வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. வேண்டாம். நாள்பட்டுக் குறைந்த சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளே சேதமாகும்.

சமீபத்தில் எங்காவது விழுந்தாரா என்றும் யோசியுங்கள். பாத்ரூமில் வழுக்கித் தலையில் லேசாக இடித்துக்கொண்டால்கூட, மூளையை ஒட்டி மெதுவாக ரத்தம் சேர்ந்து, சில வாரம் கழித்துக் குழப்பமாக வெளிப்படலாம். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும்.

வார்டில் சேர்த்தால் அவருடைய கண்ணாடியையும் காது மிஷினையும் கையோடு கொண்டு போங்கள். பழகிய முகம் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். கையைக் கட்டிப்போட்டால் மிரட்சி ஏறும். ஒன்று சொல்ல வேண்டும்: டெலிரியத்தில் சிலர் கத்தாமல், எதுவும் கேட்காமல் முடங்கிக் கிடப்பார்கள். “தாத்தா சாதுவா இருக்கார்” என்று விட்டுவிடுவதால், அந்த வகைதான் அதிகம் கண்ணில் படாமல் போகிறது.

அம்மாவுக்கு 68. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கூடவே கேஸ் மாத்திரை. கால் எரிச்சலுக்கு ஒன்று, அரிப்புக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. ஆறேழு மாதமாகச் சொன்னதையே சொல்கிறார். – வாசகி, திண்டுக்கல்

காலி அட்டைகள் உட்பட எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். சீட்டில் இல்லாததுதான் பல சமயம் வில்லன்.

மெட்ஃபார்மினும், கேஸுக்குத் தரும் பான்டோபிரசோலும் நாள்பட்டால் பி12 வைட்டமின் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். முட்டை, மீன் சாப்பிடாதவராக இருந்தால் இன்னும் குறையும். ரத்தப் பரிசோதனையில் பி12 அளவு 200-க்குக் கீழே என்றால் குறைபாடு; 200 முதல் 300 வரை சந்தேகம். 1,000 மைக்ரோகிராம் ஊசியை முதலில் அடுத்தடுத்து, பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று எனப் போடுவது வழக்கம். ஃபோலிக் ஆசிட் மட்டும் தனியாகச் சாப்பிட்டால், பி12 குறைவால் வந்த ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும். நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்தது அந்த மூன்று மாத்திரைகள். கால் எரிச்சலுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், அரிப்புக்கான ஹைட்ராக்சிசைன், சளிக்கு நாமே வாங்கிப் போடும் குளோர்ஃபெனிரமின் ஆகியவை ஞாபகத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தடுப்பவை. ஒவ்வொன்றும் சிறிய அளவுதான். சேர்ந்தால் வாய் உலரும், மலம் கட்டும், புத்தி மந்தமாகும். மாற்று மருந்து உண்டா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். தூக்க மாத்திரை அல்பிரசோலம் வகை என்றால் திடீரென நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். பல வாரங்களில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தைராய்டு, காது கேட்கும் திறன், மனச்சோர்வு மூன்றையும் பார்த்துவிடுங்கள். காதில் விழாததை ‘மறந்துவிட்டார்’ என்று கணக்கெழுதும் வீடுகள் நிறைய. ஊசி போட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று வாக்குத் தர மாட்டோம். ஆறு மாதத்தில் பிடித்தால் வாய்ப்பு அதிகம். ஆறு வருடம் விட்டால் குறைவு.

ஸ்கேனில் “வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்” என்று இருக்கிறது. அல்சைமரா? வல்லாரை கொடுக்கலாமா? – வாசகர், சேலம்

அந்த வரி மட்டும் நோய் ஆகாது. எழுபதைத் தாண்டிய பலரின் ஸ்கேனிலும் அது இருக்கும். கட்டி, ரத்தக் கசிவு, நீர் கோத்தல் இல்லை என்று உறுதிசெய்யத்தான் ஸ்கேன் அதிகம் பயன்படுகிறது. பென்ஷன் கணக்குப் பார்க்கிறாரா, பழகிய குழம்பை வரிசை மாறாமல் வைக்கிறாரா, மூன்று சாமான் வாங்கச் சொன்னால் மீதிச் சில்லறையோடு வருகிறாரா என்பதுதான் எங்களுக்கு முக்கியம். ஞாபகத்தையும் புத்தியையும் பார்க்கும் 30 மதிப்பெண் சோதனையும் செய்வோம். பள்ளிக்கூடம் போகாதவர் குறைவாக வாங்குவது இயல்பு.

அல்சைமர்தான் என்று முடிவானால் டோனபெசில் 5 மில்லிகிராமில் தொடங்கி, நாலைந்து வாரம் கழித்து 10 ஆக்குவோம். நோயை நிறுத்தாது, சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும். குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம். நாடித் துடிப்பு குறையும் என்பதால் மயக்கம் வந்தால் உடனே சொல்லுங்கள். கெட்ட கனவு வந்தால் ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றலாம். வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடட்டும். போன ஞாபகம் அதனால் திரும்பாது.

மாமியாருக்கு மறதி நோய், மூன்று வருடமாக. நான் நகையைத் திருடிவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்கிறார். – வாசகி, மதுரை

எங்கே வைத்தோம் என்பது அவருக்கு அழிந்துவிட்டது. நகை காணவில்லை என்பது மட்டும் கண்ணெதிரே நிற்கிறது. அந்த இடைவெளியை மனம், பக்கத்தில் இருப்பவரை வைத்து நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் அதிகம் பார்த்துக்கொள்பவர் மேலேயே பழி விழுகிறது. வருடத்துக்கு இரண்டு முறை வந்து போகும் மகளை யாரும் திருடி என்பதில்லை.

சத்தியம் செய்யாதீர்கள், சாட்சி கூப்பிடாதீர்கள். “காணோமா அத்தை? வாங்க, தேடலாம்” என்று கூடப் போங்கள். தலையணை உறை, அரிசி டப்பா, சாமி படத்துக்குப் பின்னால், பழைய புடவை மடிப்பு என வழக்கமான இடங்களை முதலில் பாருங்கள். கிடைத்தால் நீங்கள் எடுத்து நீட்டாமல், அவர் கையில் படும்படி செய்யுங்கள். தங்கத்தை லாக்கரில் வைத்துவிட்டு, அதே மாதிரி கவரிங் வளையல் போட்டுவிடலாம். ஒரே மாதிரி இரண்டு பர்ஸ் வாங்கி, இரண்டிலும் பத்து ரூபாய்த் தாள் வையுங்கள்.

சந்தேகம் பொழுது சாயும்போது கூடும். ஐந்து மணிக்கே விளக்கைப் போடுங்கள். பகல் தூக்கம் அரை மணி நேரத்தோடு போதும். அவர் எதிரில் குசுகுசுவென்று பேச வேண்டாம். அக்கம்பக்கத்தில் விஷயத்தை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

வீட்டில் குழந்தைகளோ பிராணிகளோ நடமாடுவதாக அவர் தெளிவாக வர்ணித்து, நடையும் விறைப்பாகிவிட்டால், மறதி நோயில் லூயி பாடி என்ற வகையாக இருக்கலாம். அவர்களுக்கு, பிரமையை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்து கை கால்களை மரமாக்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். கடையில் கேட்டு வாங்கி எதையும் கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு அல்சைமர். அவர் பேரில் ஒரு மனை இருக்கிறது. என் பேருக்குப் பவர் எழுதி வாங்கிக்கொள்ளவா? – வாசகர், திருநெல்வேலி

பலரும் ஏமாறும் இடம் இது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் பவர் முடிந்துவிடும். அதாவது, உங்களுக்குத் தேவைப்படும்போது அது இருக்காது.

ஆரம்பக் கட்டம் என்றால் உயில் எழுதலாம். தன் சொத்து எது, யாருக்குத் தருகிறோம் என்று அந்த நேரத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நோயின் பெயர் மட்டும் தடை ஆகாது. அன்றைய தேதியிட்ட மருத்துவர் சான்று வாங்குங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுபவர் சாட்சியாக இல்லாதிருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். நோய் முற்றிய பிறகு மனையை விற்க வேண்டுமானால், காப்பாளராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். செலவும் காலமும் ஆகும் வேலை. வக்கீலை இந்த மாதமே பாருங்கள்.