பல்செட்டையும் கூட எடுத்துப் போங்கள்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 68. சர்க்கரை உண்டு, மேல்வரிசைக்குப் பல்செட். நாக்கில் தயிர் ஏடு போல வெள்ளை படிகிறது, அண்ணம் சிவந்து எரிகிறது. மெடிக்கல் ஷாப்பில் ஃப்ளூகோனசோல் 150 என்ற பூஞ்சை மாத்திரை ஒன்று வாங்கிப் போட்டால் முன்பெல்லாம் நாலு நாளில் அடங்கிவிடும். மறுபடி வரும், மறுபடி போடுவார். இப்போது மூன்று போட்டும் கேட்கவில்லை. டோஸைக் கூட்டலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கூட்டவே கூட்டாதீர்கள், அம்மா. அவர் சர்க்கரைக்கு கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், ஃப்ளூகோனசோல் அதை உடம்பில் தேங்கவைத்து சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். எனக்கு முதல் பயம் அதுதான்.

வாயில் படிவது கேண்டிடா என்கிற ஈஸ்ட், ஒரு வகைப் பூஞ்சை. ஃப்ளூகோனசோல் அதைப் பெரும்பாலும் கொல்வதில்லை, வளரவிடாமல் தடுக்கிறது. ஒன்று போட்டு நிறுத்தி, பிறகு இன்னொன்று போட்டால், மிஞ்சுகிற ஈஸ்ட் தேறிவிடுகிறது. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளக் கற்றுக்கொள்கிறது. கேண்டிடாவில் ஆல்பிகன்ஸ் என்ற இனம் ஒடுங்கின இடத்தில், இந்த மருந்துக்கு லேசில் மசியாத கிளாப்ராட்டா என்ற இனம் குடியேறுவதும் உண்டு. க்ருசி என்ற இனத்துக்கோ இது பிறவியிலேயே கேட்காது. குளோட்ரிமசோல் தடவலாமே என்பார்கள். அதுவும் அதே குடும்பம், அதனால் அதுவும் தோற்கலாம்.

என்னிடம் இப்படித்தான் ஒரு பாட்டி வந்தார். பொக்கை வாயைப் பேத்தி பார்க்கக் கூடாதென்று ராத்திரியிலும் பல்செட்டைக் கழற்றமாட்டார். அண்ணத்தில் ஒரு ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுக்கும் மாதிரி), செட்டின் உட்பக்கத்தில் ஒரு ஸ்வாப் எடுத்து அனுப்பினேன். இரண்டிலும் கிளாப்ராட்டா, செட்டில்தான் அதிகம். பிளாஸ்டிக்கில் பாசி மாதிரி ஒட்டிப் படர்ந்துவிட்டால் மருந்து உள்ளே இறங்காது. நிஸ்டாட்டின் என்ற வேறு குடும்பத்துப் பூஞ்சை மருந்து கொடுத்தேன். 1950இல் ஹேசன், பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் நியூயார்க்கில் கண்டுபிடித்தது. இன்றைக்கும் அதற்கு எதிர்ப்பு அபூர்வம். செட்டைத் தினமும் பிரஷ் போட்டுத் தேய்த்து, இரவில் கழற்றி வைக்கச் சொன்னேன். அதற்குத்தான் அதிகம் கெஞ்ச வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் அண்ணம் தெளிந்தது.

உங்கள் மாமியாருக்கு எந்த இனம் என்று தெரியாமல் மருந்து சொல்லமாட்டேன். இன்றே ஃப்ளூகோனசோல் மாத்திரையை நிறுத்துங்கள். பல் மருத்துவரிடம் பூஞ்சைக் கல்ச்சரும் (லேபில் வளர்த்து எந்த இனம் என்று பார்ப்பது), எந்த மருந்து கேட்கும் என்ற சோதனையும் கேளுங்கள். சர்க்கரை அளவையும் பாருங்கள். ஆஸ்துமா பம்ப் உபயோகித்தால் அதையும் சொல்லுங்கள். பல்செட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அதிலும் ஸ்வாப் எடுக்க வேண்டும்.