அடுக்களைக் கேள்வி பதில்

கேள்வி: ராத்திரி மிஞ்சும் சோற்றைக் குக்கரிலேயே மூடி வைத்துவிட்டு, காலையில் தாளித்து எலுமிச்சை சாதமாகப் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கிறேன். ஊசிப்போன வாடை வந்ததே இல்லை. ஆனாலும் மாமியார் குறை சொல்கிறார். அவர் மட்டும் பழைய சோறு சாப்பிடுகிறாரே, அது என்ன கணக்கு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் மாமியார் கட்சி. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வயலிலிருந்தே அரிசியோடு வந்துவிடும். உலை கொதித்தாலும் அவை சாகாது. இன்று படுக்கப் போகும் முன் குக்கரைத் திறந்து நடுச்சோற்றில் விரலை விட்டுப் பாருங்கள். மேலே ஆறியிருக்கும், உள்ளே இளஞ்சூடு அப்படியே இருக்கும். அந்தச் சூட்டில்தான் வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சோற்றில் விடும். அந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. உங்கள் தாளிப்பு எம்மாத்திரம்! காலையில் பிழியும் எலுமிச்சையும் ராத்திரியே உருவான நச்சை ஒன்றும் செய்யாது. இதற்கு வாடையும் கிடையாது, சோறு நொசநொசக்க வேண்டும் என்றும் இல்லை. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். பள்ளியிலிருந்து போன் வந்தால் நாம் கேன்டீன் வடையைத் திட்டுவோம்.

பழைய சோற்றின் கதை வேறு. தண்ணீரில் மூழ்கிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றும். புளிப்பு ஏற ஏற சீரியஸ் அடங்கும். ஆனால் சோறு ஆறிய கையோடு தண்ணீர் ஊற்ற வேண்டும். சீரியல் எல்லாம் முடிந்து, படுக்கப் போகும்போது ஊற்றினால் மாமியாருக்கும் அதே ஆபத்துதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மிஞ்சியதைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். குண்டானோடு உள்ளே தள்ளினால் நடுச்சோறு ஆற வெகுநேரம் பிடிக்கும். மறுநாளே ஆவி பறக்கச் சூடாக்கித் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: எலுமிச்சை பிழிந்து போட்ட பூண்டு ஊறுகாய் பச்சையாக மாறிவிட்டது. கொட்டிவிடவா?
– வாசகி, தேனி

பதில்: ஐயோ, வேண்டாம். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு சேர்ந்து செய்யும் வேலை இது. சீனாவின் வடபகுதியில் வினிகரில் ஊறவைத்து வேண்டுமென்றே பச்சையாக்கிச் சாப்பிடுகிறார்கள். பூஞ்சையா என்று மட்டும் பாருங்கள். அது மேலே பஞ்சுபோலப் படரும், பூண்டின் உள்ளே நிறம் ஏற்றாது. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பச்சைப் பூண்டைப் புளிப்பே இல்லாமல் எண்ணெயில் மூழ்கவிட்டு அலமாரியில் வைக்கிறார்களே, அதற்கு. காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் உயிருக்கே உலை வைக்கும் பாட்டுலிசம் கிருமி வளரலாம்.

கேள்வி: மகனுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. பெருங்காயத்தில் மைதா இருக்கிறதாமே?
– வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலான டப்பாக்களில் இருக்கிறது. அசல் பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வருகிறது. நம் நாட்டில் 2020 அக்டோபரில்தான் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் நட ஆரம்பித்தார்கள். அதன் காரம் தாங்காது என்பதால் பிசினும் மாவும் கலந்து விற்கிறார்கள். 'கூட்டுப் பெருங்காயம்' என்று போட்டிருப்பது அதைத்தான். தூளில்தான் கலப்பு, கட்டி சுத்தம் என்று நினைக்காதீர்கள். கட்டியிலும் மாவு உண்டு. அரிசி மாவு சேர்த்தது கிடைக்கிறது, லேபிளைப் படித்து வாங்குங்கள். அப்புறம் கடை ரசப்பொடி, அப்பளம், ஓட்டல் சாம்பார் எல்லாவற்றிலும் இதே பெருங்காயம்தான் புகுந்திருக்கும்.

கேள்வி: உருளைக்கிழங்கில் பச்சைத் திட்டு இருந்தால்?
– வாசகி, ஓசூர்

பதில்: வெளிச்சம் பட்டிருக்கிறது என்று அர்த்தம். பச்சை நிறம் கெடுதலில்லை. அதோடு கூடவே ஏறும் சோலனின்தான் நச்சு, வேகவைத்தாலும் போகாது. சின்னத் திட்டு என்றால் தோலோடு ஆழமாகச் சீவி எறியுங்கள். கிழங்கு முழுக்கப் பச்சை என்றால் குப்பைக்கு. குழம்பில் கசந்தால் துப்பிவிடுங்கள், காசு போச்சே என்று விழுங்க வேண்டாம்.