சின்ன மெல்லிசைக் குழு: மேடையில் கரண்டை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

கேள்வி கேட்டவர் தன் குழுவின் சாமான் பட்டியலையும் கொடுத்திருக்கிறார். ஆயிரம் வாட் டாப் (கூட்டத்தைப் பார்த்து நிற்கும் மெயின் ஸ்பீக்கர்) இரண்டு, அதே அளவில் பாஸ் பெட்டி இரண்டு, 500 வாட் மானிட்டர் (மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான ஸ்பீக்கர்) நான்கு, எல்லாமே ஆக்டிவ் ரகம், அதாவது ஆம்ப் பெட்டிக்குள்ளேயே இருப்பவை. அதற்கு மேல் ஒரு டிஜிட்டல் மிக்சர், கீபோர்டு, ரிதம் பேட், கிட்டார் ஆம்ப். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு மாதிரி இடங்களில் வாசிக்கிறார்கள். எத்தனை கேவிஏ ஜெனரேட்டர் வேண்டும், மேடையில் லைனை எப்படிப் பிரிப்பது, ஸ்பீக்கரில் வரும் ‘உம்ம்ம்’ சத்தத்தை எப்படி ஒழிப்பது, ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று கேட்கிறார்.

நான் சின்ன அளவில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது வாட் கணக்கைத்தான். உண்மையில் இந்த அளவு மேடையில் கவலைப்பட வேண்டாத விஷயம் அதுதான். பெட்டியின் முதுகில் எழுதியிருக்கும் வாட்டையெல்லாம் கூட்டினால் 6000 வருகிறது. ஆனால் பாட்டு என்பது தொடர்ந்து ஒரே மட்டத்தில் ஒலிப்பதில்லை. ஆம்ப்ளிஃபயர் தயாரிப்பவர்களே கரண்ட் இழுப்பைச் சொல்லும்போது முழு பவரில் எட்டில் ஒரு பங்கை வைத்துத்தான் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் 750 வாட். ஆம்ப்புக்குள் சூடாக வீணாவது, மிக்சர், கீபோர்டு எல்லாம் சேர்த்தால் 1500 வாட் பக்கம் நிற்கும். 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) மோசமாக இருந்தால் பத்து. குத்துப் பாட்டு வரிசையாக வந்து, மிக்சரில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது என்றால் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆக, சவுண்டுக்கு மட்டும் 5 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம். 5 கேவிஏ என்றால் 5000 வாட் இல்லை, 0.8 பவர் ஃபேக்டரில் 4000 வாட். வாடகைக்கு விடுபவர் இதைச் சொல்ல மாட்டார்.

சரி, பயப்பட வேண்டியது எதற்கு? கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிக்கும், கசிவைத் தரைக்கு இறக்கும் எர்த் கம்பிக்கும்.

பந்தலுக்கு வரும் லைன் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ். மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். பந்தல்காரரின் எலக்ட்ரீஷியன் ஒரு ஃபேஸில் டியூப் லைட்டும் சீரியல் செட்டும், இன்னொன்றில் ஃபோகஸ் லைட்டும் போட்டுவிட்டு, “அண்ணே, உங்களுக்கு இந்த ஃபேஸ், இதுல லோடே இல்ல” என்பார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நியூட்ரல் எல்லோருக்கும் பொது. அது முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட்டில் கழன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஃபோகஸ் லைட்டும் உங்கள் மிக்சரும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே, 400 வோல்ட்டில், வரிசையாக மாட்டிக்கொள்கின்றன. மூன்றாவது ஃபேஸில் எதுவும் இல்லை என்று வைத்துக் கணக்குப் போடலாம். அந்தப் பக்கம் ஆயிரம் வாட் பார் லைட் (ஃபோகஸ் லைட்டில் ஒரு வகை) இரண்டு. உங்கள் பக்கம் 400 வாட் அளவுக்கு மிக்சரும் கீபோர்டும். பார் லைட்டுக்குக் கிடைப்பது 67 வோல்ட். உங்கள் மிக்சருக்கு 333 வோல்ட். குறைந்த லோடு யாரோ, அவர் தலையில்தான் அதிக வோல்ட்டேஜ் விழும். ‘லோடே இல்லாத ஃபேஸ்’ என்ற சலுகையின் லட்சணம் இதுதான்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊர்த் திருவிழா, வேறொரு குழுவின் கச்சேரி. மேடைக்கு ஒரு பக்கம் லைட்டெல்லாம் மங்கி ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. மறுபக்கம் பல்புகள் வெள்ளையாகக் கொளுத்தின. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சில நொடியில் கீபோர்டு அடாப்டர், மிக்சர், ஒரு மானிட்டர் மூன்றும் போய்விட்டன. ஒரு பக்கம் மங்கி மறுபக்கம் பிரகாசமானால் அது நியூட்ரல் போனதன் அடையாளம். அந்த நேரத்தில் மிக்சரைப் பார்க்காதீர்கள், மெயினை இறக்குங்கள்.

இதிலிருந்து தப்ப வழி இரண்டு. சவுண்டுக்கென்று தனியாக ஒரு சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டர் வைத்துக்கொண்டால் இந்த ஆபத்தே கிடையாது, ஏனென்றால் 400 வோல்ட் அங்கே பிறக்கவே வழியில்லை. அது முடியாதென்றால், உங்கள் மெயின் பாக்ஸுக்குள் ஒரு வோல்ட்டேஜ் புரொடெக்டர் போடுங்கள். எம்சிபி (லோடு அதிகமானால் தானே விழும் சுவிட்ச்) அளவிலேயே இருக்கும், 260 வோல்ட்டைத் தாண்டினால் லைனைத் துண்டித்துவிடும். ஒரு நல்ல மைக் விலைகூட வராது.

அடுத்தது எர்த். போகிற இடத்தில் மூன்று துளை சாக்கெட் இருக்கிறது என்பதற்காக எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சில இடங்களில் மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. அதைவிட மோசம், எர்த் இல்லை என்று சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து வைத்திருப்பார்கள். அப்படி இருக்கும்போது பின்னால் எங்கேயோ நியூட்ரல் அறுந்தால், உங்கள் மிக்சர், மைக், கிட்டார் கம்பி எல்லாவற்றிலும் ஃபேஸ் வந்து நிற்கும். டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது. அது ஃபேஸ் எது என்று மட்டும்தான் சொல்லும்.

நான் போன இடத்தில் பெட்டியை இறக்கும் முன் மீட்டரையும் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். முதலில் வெறுமனே அளப்பேன்: ஃபேஸ்-நியூட்ரல் 230 பக்கம், ஃபேஸ்-எர்த் அதே அளவு, நியூட்ரல்-எர்த் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள். எர்த் கம்பி எங்கும் போய்ச் சேராமல் தொங்கினால் மீட்டர் நாற்பது, எண்பது என்று தள்ளாடும். அப்புறம் அதே பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு மறுபடி அளப்பேன். ஆயிரம் வாட் பெட்டி நாலேகால் ஆம்பியர் இழுக்கும். ஃபேஸ்-நியூட்ரல் இரண்டு மூன்று வோல்ட் இறங்கினால் பரவாயில்லை. பத்து வோல்ட் இறங்கினால் வழியில் எங்கேயோ ஜாயின்ட் லூஸ். கூடவே நியூட்ரல்-எர்த் அளவு கொஞ்சம் ஏற வேண்டும், ஏனென்றால் நியூட்ரலில் கரண்ட் ஓடுகிறது, எர்த்தில் ஓடவில்லை. லோடு போட்ட பிறகும் அது அசையாமல் பூஜ்யத்திலேயே இருந்தால், உள்ளே இரண்டையும் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பு வைத்துப் பார்க்கும் பழைய முறையும் நல்லதுதான். ஆனால் எர்த் பொய்யாக இருந்தால் அந்தப் பல்பு வழியாகவே எர்த் கம்பி முழுக்க ஃபேஸ் ஏறிவிடும். எந்தச் சாமானும் மாட்டும் முன், யாரும் எதையும் தொடாதபோதுதான் அதைச் செய்ய வேண்டும்.

இப்போது பிரிப்பது. மேடைக்குப் பின்னால், நடுவில், ஒரே ஒரு மெயின் பாக்ஸ். 16 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து எடுத்தால் 16 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி, சி ரகம். பி ரகம் போட்டால் எல்லா ஆம்ப்பையும் ஒரே நேரத்தில் போடும்போது சும்மா விழும். அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். கடைக்காரர் இன்னும் இஎல்சிபி என்றுதான் சொல்வார். இதை ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போடுவது நல்லது: ஸ்பீக்கர்களுக்கு ஒன்று, மிக்சருக்கும் வாத்தியங்களுக்கும் ஒன்று. ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ் (சுவிட்ச்சிங் ரக பவர் சப்ளை) சாமானும் எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும். நிறைய சாமான் சேர்ந்தால் கசிவும் சேர்ந்து, எந்தக் கோளாறும் இல்லாமலே ஆர்சிசிபி விழும். பாட்டு நடுவில் அது விழுந்தால் பதற்றத்தில் யாராவது அதை பைபாஸ் செய்யத்தான் பார்ப்பார்கள்.

பாக்ஸிலிருந்து நாலு லைன். இடது டாப், பாஸ், பக்கத்து மானிட்டர்களுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, வாத்தியங்களுக்கு ஒன்று, மிக்சருக்கு ஒன்று. மிக்சர் கூட்டத்துக்கு நடுவே எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அதற்கும் இதே பாக்ஸிலிருந்துதான் போக வேண்டும். பக்கத்துத் தூணில் சாக்கெட் இருக்கிறதே என்று அங்கே சொருகாதீர்கள். சீரியல் செட், எல்இடி லைட், ஸ்மோக் மெஷின், மேடை ஃபேன், ஐஸ்கிரீம்காரர் கேட்கிற ‘ஒரே ஒரு பாயின்ட்’ எதுவும் இந்தப் பாக்ஸில் வரக்கூடாது. கடைசி ஆளிடம் முகத்தை முறித்துக்கொள்ள வேண்டியிருக்கும், பரவாயில்லை.

ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர், செம்பு. கடைகளில் ரெடிமேடாகக் கிடைக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷனில் பெரும்பாலும் 0.75 தான் இருக்கும். முப்பது மீட்டர் நீளம், பத்து ஆம்பியர் என்றால் 0.75-இல் பதினைந்து வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், 2.5-இல் ஐந்துக்குள் முடியும். உருளையில் சுற்றிய ஒயரை முழுக்க அவிழ்த்துவிடுங்கள், சுற்றியபடியே லோடு கொடுத்தால் சூடேறி உறை உருகும். ஸ்பைக் பஸ்டருக்குள் இன்னொரு ஸ்பைக் பஸ்டர் மாட்டுவதும் வேண்டாம். பிளக் இல்லாமல் ஒயரை உரித்துத் துளையில் விட்டுத் தீக்குச்சியால் முட்டுக்கொடுக்கும் கலை நம் ஊரில் இன்னும் சாகவில்லை. அது உங்கள் மேடையில் இருந்தால் எம்சிபி, ஆர்சிசிபி எல்லாம் அலங்காரம்தான். தரையில் விழும் ஜாயின்ட்டை ஒரு செங்கல் மேலாவது தூக்கி வையுங்கள். மழையை விடுங்கள், மேடை முன்னால் தண்ணீர் தெளிப்பார்கள்.

ஹம் சத்தம். மேலே சொன்னபடி எல்லாவற்றையும் ஒரே பாக்ஸிலிருந்து எடுத்தாலே பெரும்பாலும் போய்விடும். மிக்சர் ஒரு எர்த்திலும் ஸ்பீக்கர் இன்னொரு எர்த்திலும் இருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக ஓடுகிறது. அதைத்தான் 50 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கிறீர்கள். மிச்சம் இருந்தால் கீபோர்டையும் லேப்டாப்பையும் டிஐ பாக்ஸ் (வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் நடுவே மாட்டும் சின்னப் பெட்டி) வழியாக எடுத்து அதில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள், அது ஆடியோ கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ வேண்டும். உறுமலாக இல்லாமல் ‘ஜ்ஜ்ஜ்’ என்று வண்டு மாதிரி, லைட் ஓடும் தாளத்துக்கே கேட்டால் அது சீரியல் செட் கன்ட்ரோலரின் வேலை. எர்த்தைத் தேடிப் பயனில்லை, லைட்டின் லைனைத் தள்ளிப் போடுங்கள். ஆடியோ கேபிளும் கரண்ட் ஒயரும் சேர்ந்து ஓடாமல் ஒரு அடியாவது விலகட்டும். தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டட்டும்.

ஆனால் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து ஹம்மை நிறுத்தும் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். சத்தம் நிற்கும், உண்மைதான். அதன் பிறகு அந்த ஆம்ப்பில் உள்ளே கசிவு வந்தால் கிட்டார் கம்பியில் ஃபேஸ் இருக்கும்; பாடுபவரின் உதடு எர்த் ஆன மைக்கில் இருக்கும். 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். நம் கோயில் மேடைகளில் செருப்பும் போடுவதில்லை. வெறுங்காலும் ஈரக் கம்பளமும் இருக்கிற இடத்தில் ஆர்சிசிபி இல்லாமல் மைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

ஜெனரேட்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கையில் தூக்கும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல் எதோடும் கட்டப்படாமல் மிதந்தபடி இருக்கும். அப்போது ஃபேஸ் மைக் உடம்பைத் தொட்டாலும் கசிவு திரும்பிப் போக வழியில்லாததால் ஆர்சிசிபி விழாது. எலக்ட்ரீஷியனை வைத்து, ஜெனரேட்டர் பக்கத்தில், அந்த ஒரே இடத்தில் மட்டும் நியூட்ரலை எர்த்தோடு இணைத்து, எர்த் ராடு அடித்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பிறகு பாக்ஸில் டெஸ்ட் பட்டனை அழுத்துவதோடு நிறுத்தாமல் முன்னே சொன்ன பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பாருங்கள். ஆர்சிசிபி உடனே விழ வேண்டும். டெஸ்ட் பட்டன் அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று மட்டும் காட்டும், உங்கள் எர்த்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஜெனரேட்டர் ஓடி நிதானத்துக்கு வந்து, மீட்டரில் வோல்ட்டேஜைப் பார்த்த பிறகே சாமானை மாட்டுங்கள். மிக்சர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில், அணைக்கும்போது தலைகீழ்.

ஸ்டெபிலைசர்? உங்கள் பட்டியலில் இருக்கும் புது ரக ஆக்டிவ் பெட்டிகள் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ். பின்னால் 100-240 என்று போட்டிருந்தால் 180 வோல்ட்டிலும் பாடும். அந்தப் பணத்துக்கு மிக்சருக்கும் கீபோர்டுக்கும் மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். இபி போய் ஜெனரேட்டர் வரும் இடைவெளியில் ஸ்பீக்கர் அணைந்து உடனே திரும்பி வந்துவிடும். டிஜிட்டல் மிக்சர் அணைந்தால் மறுபடி எழுந்து உட்கார அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் விழாக் கமிட்டியார் மேடைக்கே வந்துவிடுவார்.